சும்மா மானியம்

பம்பரத்துக்கு அரசாங்கம் காசு கொடுத்துச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறது என்ற செய்தி பரவிய அன்று, தீவனக் கடை வாசலில் நின்றிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்த தராசே ஆடிப்போனது.

"காத்தைக் கூப்பிட்டு, ஒரே இடத்துல நில்லு, கூலி தர்றேன்னு சொன்ன மாதிரி இருக்கே" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பம்பரம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் அல்ல. அவர்கள் வைத்த பேர் நிலப் பத்திரத்திலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும் புழங்கியது. ஊருக்கு அவள் பம்பரம். நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே அடுத்த வேலைக்குச் செருப்பைத் தேடுவாள். அவள் உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் கல்யாணப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்கள். அதிலும் யாரோ கூப்பிட்டு எழுந்திருக்கப் போகிறவளைப் போல நாற்காலி நுனியில்தான் இருப்பாள்.

அப்பாவுக்கு ஒரே மகள். அவர் போனபோது அவளுக்கு மிச்சமானது ஓடைக்கரையை ஒட்டி நீளமாக ஒரு வயல், அதற்கு மேலே சின்னதாக ஒரு மேட்டு வயல், தள்ளினால்தான் கிளம்புவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு டிராக்டர். பெண்பிள்ளை தனியாக என்ன செய்துவிடுவாள், வந்த விலைக்கு விற்றுவிடுவாள் என்று இரண்டு மூன்று பேர் பணத்தை எண்ணி வைத்துக் காத்திருந்தார்கள். அவள் டிராக்டரைப் பிரித்துப் போட்டாள், திரும்பக் கோர்த்தாள். கோர்த்த பிறகு கையில் நாலு திருகு மிஞ்சியது. ஆனால் வண்டி ஓடியது. அதற்கப்புறம் யாரும் விலை கேட்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனுக்கு ஊர் வைத்த பேர் சாவகாசம். எதைச் சொன்னாலும் "சாவகாசமா பாத்துக்கலாம்" என்பார். தானியக் கிடங்கில் இரவுக் காவல் வேலை பார்த்தவர். இரவெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேட்டதும், சம்பளம் எவ்வளவு என்று கூடக் கேட்காமல் வேலையில் சேர்ந்துவிட்டார் என்பார்கள். பம்பரம் மக்காச்சோளம் இறக்கப் போன இடத்தில்தான் பழக்கம். மூட்டையைத் தூக்க அவர் ஒரு கை கூடக் கொடுக்கவில்லை. ஆனால் மூட்டை மேல் உட்கார்ந்து சொன்ன கதைகளில் அவள் சிரித்துச் சிரித்து, வந்த வேலையை மறந்து நின்றாள். அவள் வாழ்க்கையில் வேலையை மறந்து நின்றது அதுதான் முதல் தடவை. இந்த ஆளை விட்டால் வேறு கிடைக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஒரு மகள் பிறந்து, படித்து, நகரத்தில் வேலைக்குப் போய்விட்டாள். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து சேர்ந்தார். சாய்வு நாற்காலி ஒன்றை ஜன்னலுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். அவள் வயலில், அவர் நாற்காலியில். அவள் வரும் நேரத்துக்கு டீ மட்டும் தயாராக இருக்கும். இரண்டு பேருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது ஓடையால். முன்னெல்லாம் எப்போதாவது கரை தாண்டிய தண்ணீர், சில வருஷங்களாக வாடிக்கையாளரைப் போல வந்து போக ஆரம்பித்தது. விதைத்தால் விதையோடு போகும், வளர்ந்தால் கதிரோடு போகும். கடைசியாக வந்த வெள்ளம், அறுவடைக்கு நின்ற மக்காச்சோளத்தைப் படுக்கப் போட்டு, மேலே சேற்றைப் பூசிவிட்டுப் போயிற்று. அந்தச் சேற்றில் இறங்கி நிமிர்த்தப் போன பம்பரத்தின் முழங்காலும் பிசகிவிட்டது. மேட்டு வயலைப் பக்கத்து டிராக்டர்காரருக்குக் குத்தகைக்கு விட்டாள். ஓடை வயலை மட்டும் விடமாட்டேன் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்து ஊர்ப் பொதுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுவரில் துணி கட்டிப் படம் காட்டினார்கள். திட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது: நீர்க்கரை நில ஓய்வு ஊக்கத்தொகைத் திட்டம். விஷயம் இவ்வளவுதான். ஓடையை ஒட்டிய வயலை ஒரு வருஷம் அப்படியே போட்டுவிட வேண்டும். உழக் கூடாது, விதைக்கக் கூடாது, மேய்க்கக் கூடாது, விளைந்ததை அறுக்கக் கூடாது. புல் பூண்டு மண்டி மண் இறுகினால் வெள்ளமும் அடங்கும், மண்ணும் தேறும். விளைச்சல் நஷ்டத்துக்கு அரசாங்கம் மானியம் தரும்.

பிறகு பின்வரிசையிலிருந்து சாவகாசத்தின் குரல் வந்தது.

"ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க. சும்மா இருக்கணும். அதுக்குக் காசு. சரியா?"

"நிலம் சும்மா இருக்கணும்" என்றார் அதிகாரி.

"அது சும்மா இருந்தா நாங்களும் சும்மாதானே இருப்போம்? இத்தனை வருஷமா நான் இனாமா செஞ்ச வேலைய்யா இது!"

கூடமே அதிர்ந்தது. அன்றிலிருந்து அந்த நீளமான பேர் செத்து, சும்மா மானியம் என்ற பேர் பிறந்தது.

பம்பரத்துக்குக் கோபம்தான் வந்தது. நல்ல மண்ணைக் கையெழுத்துப் போட்டுப் பாழாக்குவதா என்று வழியெல்லாம் பொருமினாள். ஆனால் மறுநாள் நொண்டி நொண்டி ஓடைக்கரைக்குப் போய்ப் பார்த்தாள். படுத்துக் கிடந்த கதிர்களுக்கு மேலே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஓடையோ ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போலக் கரைக்குள் ஒடுங்கி ஓடியது. அவள் அதைப் பார்த்து, "உனக்கு எத்தனை வருஷம்தான் நான் ஆக்கிப் போடறது? இந்த வருஷம் பட்டினி கிட" என்று சொல்லிவிட்டு, நேராக அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போடுவது சுலபம். சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்று அந்த வாரமே தெரிந்துவிட்டது.

வயலில் நுழையலாமா கூடாதா என்று அவளுக்குச் சந்தேகம். அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் அங்கிருந்த கிளார்க். நல்ல மனுஷர், பாவம்.

"வயல்ல நடக்கலாமா தம்பி?"

"தாராளமா நடங்கம்மா. உங்க வயல்."

"நடக்கும்போது கால்ல ஒரு களை தட்டுப்பட்டா?"

"தாண்டிப் போங்க."

"குனிஞ்சு பிடுங்கினா?"

"குனியாதீங்கம்மா."

"தெரியாம குனிஞ்சுட்டேன்னு வைங்க..."

"அம்மா, தெரியாம யாரும் குனிய மாட்டாங்க" என்றார் கிளார்க், பெருமூச்சோடு.

மறுநாள், வரப்பில் சரிந்த கல்லை எடுத்து வைக்கலாமா என்று கேட்டாள். அதற்கு மறுநாள், வேலிக் கம்பி தொய்ந்திருக்கிறது, இழுத்துக் கட்டினால் விவசாயத்தில் சேருமா என்று கேட்டாள். காக்கா விரட்டலாமா என்று கேட்ட அன்று, கிளார்க் போனைப் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். விரட்ட அங்கே என்ன இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை.

ஆடுகிற காலும் பாடுகிற வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வயலில் ஆட இடமில்லாத கால் வீட்டுக்குள் ஆட ஆரம்பித்தது. அங்கேதான் சாவகாசத்தின் துன்பம் தொடங்கியது.

முதலில் பரணை இறக்கினாள். தாத்தா காலத்துத் தகரப் பெட்டிகளை வாசலில் பரப்பி, ஆணிகளை நீளவாரியாகப் பிரித்து, புட்டிகளில் போட்டு, அவற்றுக்கு அட்டை ஒட்டினாள். பிறகு சமையலறைச் சுவருக்கு வெள்ளையடித்தாள். அது காய்வதற்குள் நிறம் பிடிக்கவில்லை என்று மஞ்சள் அடித்தாள். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அது முன்னைவிட மெதுவாகச் சுற்றியது. மறுபடி கழற்றினாள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அடுப்புக்கு மேலே என்று அவள் துடைப்பத்தோடு போகாத இடமில்லை. அந்த வீட்டில் நாற்காலி மேஜை கூட அவள் வருகிற சத்தம் கேட்டால் ஒடுங்கி நிற்பதுபோல் இருந்தது.

எல்லாவற்றிலும் மோசம், சாய்வு நாற்காலிக்கு நிலையான இடம் இல்லாமல் போனது. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மத்தியானம் அது கூடத்து மூலையில் இருக்கும். சாயங்காலம் வெயிலில் மூட்டைப்பூச்சிக்காக வெளியே காயும்.

"ஏங்க, கொஞ்சம் காலைத் தூக்குங்க."

தூக்குவார்.

"ஏங்க, அப்படியே எந்திரிச்சு அந்தப் பக்கம் பிடிங்க, பீரோவை நகத்தலாம்."

"எங்க நகத்தணும்?"

"நகத்திப் பாத்தாத்தானே எங்க நல்லா இருக்கும்னு தெரியும்."

ஒருநாள் அவர் பொறுக்க முடியாமல், அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சும்மா இருக்கும் வித்தையைக் கற்றுக் கொடுக்க முயன்றார்.

"முதல்ல சாஞ்சுக்கோ. முதுகு முழுக்கப் படணும். ம். இப்ப கண்ணை மூடு. கைய மடியில வை. ஒண்ணும் நினைக்காத."

"ஒண்ணும் நினைக்காம எப்படி இருக்கறது?"

"நான் இருக்கேன்ல?"

அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. சாவகாசம் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அதற்குள் ஒரு கிரீச் சத்தம். பார்த்தால், கண்ணை மூடியபடியே நாற்காலிக் கைப்பிடியின் திருகை விரலால் இறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். மகள் சிரித்தாள். "அப்பா, அம்மாவ ரெஸ்ட் எடுக்க வைக்கிறதுக்கு ஒரு வழிதான் இருக்கு. நீங்க வேலை செஞ்சு காட்டுங்க. அதிர்ச்சியில படுத்துடுவாங்க."

அவர் வேலை செய்யவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "டிராக்டர்காரரைப் பாத்துட்டு வர்றேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் தாழ்ந்த பிறகுதான் திரும்புவார். திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். புருஷனுக்குத் திடீரென்று நடைப்பழக்கம் வந்துவிட்டதைப் பார்த்துப் பம்பரம் ஆச்சரியப்பட்டாள். முழங்கால் வலி அவளுக்கு, நடை அவருக்கு என்று ஆகிவிட்டதே என்று கொஞ்சம் வருத்தமும் பட்டாள்.

வீட்டில் கழற்றி மாட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு, அவள் வேறு வழியின்றி வயலுக்கே போக ஆரம்பித்தாள். உள்ளே இறங்குவதில்லை. வாசல் படலுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரத்தொட்டி ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து, வயலை முறைத்துக்கொண்டிருப்பாள். முறைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோரையும் அறுகும் பேர் தெரியாத முள்ளும் முழங்கால் உயரம், இடுப்புயரம் என்று ஏறிக்கொண்டே போயின. எத்தனை வருஷம் இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்! இப்போது அவளுக்கு முன்னாலேயே கொழுத்து, பூத்து, காற்றில் தலையாட்டின. எதிரி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து கைகட்டி உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

ஆனால் முறைத்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. ஒருநாள் புல்லுக்குள்ளிருந்து தவிட்டு நிறத்தில் ஒரு சின்னப் பறவை எழும்பியது. கொஞ்ச தூரம் பறந்து வேறு இடத்தில் இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தரையோடு தரையாக ஓடி முதல் இடத்துக்கே வந்து சேர்ந்தது. மறுநாளும் அதே தந்திரம். அங்கே கூடு இருக்கிறது என்று பம்பரத்துக்குப் புரிந்துவிட்டது. உழுகிற வயலில் தரையில் கூடு கட்டுகிற பறவைக்கு ஏது இடம்? அவள் அந்த இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தொட்டியில் உட்காருகிற நேரம் நீண்டது. முகத்தின் முறைப்பு எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தால் கூட முன்னைப் போல எதையும் நகர்த்தத் தோன்றவில்லை. சாய்வு நாற்காலி ஜன்னலோரத்திலேயே தங்கியது. ஆச்சரியம் என்னவென்றால், அது தங்கிய பிறகும் சாவகாசம் மத்தியானம் வெளியே போவதை நிறுத்தவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். இளவயதுப் பெண். பெரிய காலணி, தலையில் தொப்பி, கையில் பலகை போல ஒரு கணினி. பம்பரம் படலைத் திறந்து பெருமையோடு காட்டினாள்.

"பாத்துக்கோம்மா. ஒரு புல்லைக் கூடத் தொடல. உங்க கிளார்க்குகிட்ட வேணும்னா கேட்டுப் பாரு."

"கேட்டேம்மா. உங்களைப் பத்தி நிறைய சொன்னாரு" என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினாள். மேலேயிருந்து எடுத்த படம். வயல் முழுக்க வெளிறிய பச்சை. ஓடை வளைகிற கடைக்கோடியில், ஒற்றை மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் கருகருவென்று ஒரு திட்டு. "இந்த மூலை மட்டும் வேற பச்சையா தெரியுது. என்னன்னு பாத்துடலாம்."

தொட்டியிலிருந்து பார்த்தால் அந்த வளைவு தெரியாது. முழங்காலை நம்பி அவ்வளவு தூரம் பம்பரம் போனதும் இல்லை. ஏதாவது புதர் மண்டியிருக்கும் என்று அவள் முன்னால் நடந்தாள். பின்னால், குடை பிடித்துக்கொண்டு சாவகாசம் வந்தார். வெயில் தாங்காது, வீட்டில் இருங்கள் என்று சொன்னதற்கு அவர் கேட்கவில்லை. அவர் தானாக ஓர் இடத்துக்கு வருகிறேன் என்றதே வழக்கமில்லாத காரியம். அப்போதே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் மூன்று பேரும் நின்றார்கள்.

பூசணி. குடை மாதிரி இலைகளோடு கொடி கொடியாகப் பூசணி. இலைகளுக்கு நடுவே, குளிக்க உட்கார்ந்த குழந்தைகளைப் போல, பளபளவென்று காய்கள்.

"ஐயோ" என்றாள் பம்பரம்.

ஆய்வாளர் கொடிகளைச் சுற்றி வந்து படம் எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இது தானா முளைச்சதாம்மா, இல்ல யாராவது வெச்சதா? தானா முளைச்சா பிரச்சினை இல்ல. பறிக்காம விட்டுட்டாப் போதும். விதைச்சதுன்னா நான் எழுதியாகணும். சில சமயம் மொத்த மானியத்தையுமே நிறுத்திடுவாங்க."

"தானா முளைச்சதுதான்!" என்றார் சாவகாசம், யாரும் கேட்காமலேயே. "பறவை எங்கேயோ தின்னுட்டு வந்து இங்க போட்டிருக்கும். போன வெள்ளத்துல கூட விதை அடிச்சுட்டு வந்திருக்கலாம். இயற்கைம்மா. இயற்கைய யாரு தடுக்க முடியும்?"

அவர் ஒரே மூச்சில் இத்தனை காரணம் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பம்பரம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கொடிகளைப் பார்த்தாள். இலையை விலக்கி, கொடிகள் மண்ணிலிருந்து கிளம்பும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மரத்தின் அடியில் புல் நசுங்கி, ஓர் ஆள் உட்கார்ந்து சாய்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தைச் சுற்றி, வலக்கைப் பக்கத்திலிருந்து இடக்கைப் பக்கம் வரை, கை எட்டுகிற தூரத்தில் வளைவாகக் கொடிகள் கிளம்பியிருந்தன. அதைத் தாண்டி ஒரு விதை கூட விழவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பறவையா?" என்றாள். "எந்தப் பறவைங்க மரத்துல சாஞ்சு உக்காந்து, எந்திரிக்காமலேயே விதை போடும்?"

சாவகாசம் குடையைக் கொஞ்சம் முகத்துக்கு இறக்கினார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஒரு தோட்டத்தையே மறைக்கப் பாக்கறீங்களே! தண்ணி எப்படி ஊத்துனீங்க?"

"ஓடை பக்கத்துலதானே இருக்கு" என்றார் குடைக்குள்ளிருந்து. "டப்பாவுல மொண்டு..."

"எந்திரிச்சுப் போயா?"

"கயித்துல கட்டி."

மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்த ஆய்வாளர், நீளக் கயிறு கட்டிய தகர டப்பா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பை அடக்கி அடக்கி அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. அரசாங்க வேலையில் இருக்கிறோம் என்ற நினைப்பு வந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"ஏங்க?" என்றாள் பம்பரம். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "எதுக்கு இப்படிப் பண்ணீங்க? வேலைன்னா உங்களுக்கு வேப்பங்காயாச்சே."

சாவகாசம் குடையை மடக்கினார். "வீட்டுல எனக்கு உக்கார இடமில்லாமப் பண்ணிட்டே. அதான் டிராக்டர்காரர் வரப்பு வழியா இங்க வந்து படுத்தேன். சரி, சும்மா படுத்திருக்கற நேரத்துல ரெண்டு விதையப் போட்டா, கொடி ஓடும். காய் காய்ச்சதும் உன்னைக் கூட்டிட்டு வந்து காட்டலாம். காயைப் பாத்துட்டு உன்னால கையக் கட்டிட்டு நிக்க முடியுமா? மானியமும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம்னு மறுபடி வயல்ல இறங்கிடுவே, எனக்கும் என் நாற்காலி கிடைக்கும்னு நினைச்சேன்."

"அவ்வளவுதானா?"

அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ ராத்திரி தூக்கத்துல கூடக் கையால எதையோ பிடுங்கிட்டே இருந்தே. பாக்கச் சகிக்கல."

பம்பரம் ஒரு பூசணியின்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். பிறகு அவளுக்குள்ளேயிருந்து சிரிப்பு கிளம்பியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இந்தாம்மா, எழுதிக்கோ. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் முதல் தடவையா விதை போட்டிருக்காரு. அதுவும் சட்டத்துக்கு விரோதமா!"

ஆய்வாளருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். சாவகாசம் மட்டும், குற்றவாளி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

சிரிப்பு ஓய்ந்ததும் ஆய்வாளர் விதியைச் சொன்னாள். உண்மையை ஒத்துக்கொண்டதால் மொத்தத்தையும் நிறுத்த வேண்டியதில்லை என்று மேலே எழுதலாம். இரண்டு வழி இருக்கிறது. கொடிகளை இப்போதே பிடுங்கிப் போட்டுவிட்டால், எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், முழு மானியமும் வரும். இல்லையென்றால் அந்த மூலையைத் திட்டத்திலிருந்து விலக்கி, அதற்கான பணத்தையும், மேற்கொண்டு ஒரு சின்ன அபராதத்தையும் கழித்துக்கொள்வார்கள். "பிடுங்கறதுதான் லாபம்மா. கணக்குப் போட்டா இந்தக் காய் எல்லாம் வித்தாலும் அபராதத்துக்குக் காணாது."

சாவகாசம் குனிந்து ஒரு கொடியைப் பிடித்தார். "நான் போட்டது, நானே பிடுங்கிடறேன்."

"கைய எடுங்க" என்றாள் பம்பரம்.

அவர் எடுத்தார்.

"கழிச்சுக்கோம்மா. இந்த ஆள் வெச்ச ஒரே வெள்ளாமை. பிடுங்க எனக்கு மனசு வராது." பிறகு புருஷனிடம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. நான் தொட மாட்டேன். எனக்கு முழங்கால் சரியில்ல. தண்ணி விடறது, காய் பாத்துக்கறது, பறிக்கறது எல்லாம் உங்க பொறுப்பு."

"எல்லாமா?" என்றார் சாவகாசம். வாழ்க்கையில் அவர் அவ்வளவு மிரண்டு யாரும் பார்த்ததில்லை.

மானியம் கழிவு போக வந்து சேர்ந்தது. கிளார்க்கே போன் செய்து சொன்னார். கூடவே, "அம்மா, அந்தப் பூசணி ஒண்ணு எங்களுக்குக் கிடைக்குமா? ஆபீஸ்ல எல்லாரும் பாக்கணும்னு சொல்றாங்க" என்றார். வந்த பணத்தில் அவள் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டாள். பல வருஷமாக ஒத்திப்போட்ட வைத்தியம் அது.

பூசணி விற்றது தனிக் கதை. சாவகாசம் சந்தையில் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காயைப் பற்றியும் ஒரு கதை சொல்லி விற்றார். அரசாங்கமே வானத்திலிருந்து படம் எடுத்த பூசணி என்று அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கூட்டம் கூடிவிட்டது. காசைவிட, கேட்க ஆள் கிடைத்ததில்தான் அவருக்கு மகிழ்ச்சி. வீட்டுக்கு வந்து, அடுத்த வருஷம் வெள்ளரியும் போடலாமா என்று கேட்டார். பம்பரம் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

அந்த மழைக்காலத்தில் ஓடை மறுபடி கரை தாண்டியது. தண்ணீர் புல்லுக்குள் நுழைந்து, சிக்கி, வேகம் குறைந்து, தேங்கி, வடிந்துபோயிற்று. சேறு அதிகம் இல்லை. பக்கத்து டிராக்டர்காரர் கூட வந்து பார்த்துவிட்டு, தன் கரையோரத்தையும் திட்டத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து வாங்க ஆய்வாளர் வந்தபோது, பம்பரம் மூலைத் துண்டை நீக்கி மீதி வயலுக்குப் போட்டாள். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளிடம் கேட்க வேறு விஷயம் இருந்தது. ஆய்வாளரை மரத்தொட்டியில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, "அதோ, அங்க பாரு. தவிட்டு நிறத்துல. அது என்ன பறவைன்னு உன் பலகையில பாத்துச் சொல்லேன்" என்றாள்.

ஆய்வாளர் தேடிக்கொண்டிருந்தபோது வயலின் கடைக்கோடியிலிருந்து சாவகாசத்தின் குரல் கேட்டது. "ஏம்மா! இந்தத் தண்ணிக் குழாய் கழண்டுக்கிச்சு! யாராவது வந்து பிடிங்களேன்!"

"போகலையாம்மா?" என்றாள் ஆய்வாளர்.

"அவர் பாத்துப்பாரு" என்றாள் பம்பரம். முதுகைப் படலில் சாய்த்துக்கொண்டு, இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள்.